அதே படத்தை அடுத்த மாதமும் எடுக்க: வீட்டில் ஒரு ஸ்டுடியோ

வீட்டில் ஸ்டுடியோ போடப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது எந்த லைட் வாங்கலாம் என்று. அடுத்து, படம் திருத்த லைட்ரூமா போட்டோஷாப்பா என்று. இரண்டுக்கும் என்னிடம் பதில் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன். போன மாதம் எடுத்த ஒரு படத்தை இன்றைக்கு அப்படியே திரும்ப எடுக்க முடியுமா? அதே நிழல், அதே தோல் நிறம், பின்னணியில் அதே சாம்பல்? முடியும் என்றால் ஒரு லைட்டும் ஒரு ஸ்டூலும் மட்டும் இருந்தாலும் அது ஸ்டுடியோதான். முடியாது என்றால் எவ்வளவு சாமான் வாங்கிக் குவித்தாலும் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தடவிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எனக்கு இதில் இவ்வளவு பிடிவாதம் வரக் காரணம் என் வேலை. கைக்கடிகாரம், பேனா, பீங்கான் ஜாடி மாதிரி சின்னப் பொருட்களை வீட்டு அறையிலேயே படம் எடுக்கிறேன். நடுநடுவே முகப்படங்களும் வரும். ஒரு தொகுப்பை முடித்துக் கொடுத்து பல மாதம் ஆனபிறகு, அதே ஆள் இன்னும் இரண்டு பொருளோடு வந்து நிற்பார். "பழசோட சேர்த்துதான் வைக்கப்போறோம், வித்தியாசம் தெரியக் கூடாது" என்பார். அதற்குத் தயாராக இருக்கிற அறையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அறை

நல்ல வெளிச்சம் வரும் அறையைத் தேட வேண்டாம். நன்றாக இருட்டாக்க முடிகிற அறை எது என்று பாருங்கள். சோதிப்பது சுலபம்: திரைச்சீலையை இழுத்து மூடி, எல்லா விளக்கையும் அணைத்து, ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100, அபர்ச்சர் (லென்ஸின் துவாரம்) எஃப் 8, ஷட்டர் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) 1/125 வினாடி என்று வைத்து ஒரு படம் எடுங்கள். முழுக்கக் கறுப்பாக வந்தால் அறை தேறிவிட்டது. இனிமேல் படத்தில் எது தெரிந்தாலும் அது நீங்களாகக் கொண்டுவந்து வைத்த வெளிச்சம். ஃபிளாஷ் இல்லாமல் எல்இடி விளக்கை நம்பி வேலை செய்வதாக இருந்தால் ஷட்டர் இன்னும் மெதுவாக ஓடும். அப்போது இதே சோதனையை 1/10 வினாடியில் வைத்துப் பாருங்கள். மூலையில் ஏதாவது வெளுத்துத் தெரிந்தால் அந்தப் பக்கம் வெளிச்சம் கசிகிறது என்று அர்த்தம். கதவிடுக்காக இருக்கும், இல்லையென்றால் திரைச்சீலையின் மேல் விளிம்பாக இருக்கும்.

சுவரின் நிறத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பச்சைச் சுவர் இருக்கும் அறையில் லைட் வைத்தால் அந்தப் பச்சை சுவரிலிருந்து திரும்பி வந்து முகத்தின் நிழல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். லைட் நேராக விழும் பக்கம் சரியான நிறம், மறுபக்கம் பச்சை. மொத்தப் படத்துக்கும் ஒரே வொயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) வைத்து இதைச் சரிசெய்யவே முடியாது. ஒரு பக்கத்தைத் திருத்தினால் மறுபக்கம் ரோஜா நிறமாகிவிடும். பளபளப்பில்லாத வெள்ளை அல்லது நடுத்தர சாம்பல் பூசினால் நிம்மதி. வாடகை வீடு, பெயிண்ட் அடிக்க முடியாது என்றால் ஆள் உட்காரும் இடத்துக்கு இரண்டு பக்கமும் கறுப்புத் துணியோ வெள்ளைத் துணியோ தொங்கவிட்டால் போதும். கூரை பெரும்பாலும் வெள்ளையாகத்தான் இருக்கும், அதை விட்டுவிடலாம்.

அகலத்தைவிட நீளம் முக்கியம். மார்பளவு முகப்படத்துக்கு கேமராவுக்கும் ஆளுக்கும் நடுவே ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வேண்டும். ஆளுக்குப் பின்னால் பின்னணி வரைக்கும் இன்னொரு மீட்டர். கேமராவுக்குப் பின்னால் நீங்கள் நிற்க அரை மீட்டர். ஆக, மூன்றரை மீட்டர் நீளம் இருந்தால் முகப்படங்களை வசதியாக எடுக்கலாம். முழு உருவம் என்றால் கணக்கே வேறு. சென்சார் பெரிதான ஃபுல் ஃபிரேம் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து 50 மி.மீ. லென்ஸில் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு 2 மீட்டர் உயரத்தை அடக்க, ஏறத்தாழ 2.8 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அதே வேலைக்கு 85 மி.மீ. லென்ஸ் போட்டால் 4.7 மீட்டர். சென்சார் சின்னதான ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. லென்ஸுக்கே 4 மீட்டருக்கு மேல் போய்விடும். லென்ஸ் வாங்குவதற்கு முன் அளவு நாடாவை எடுத்து அறையை அளந்துவிடுங்கள்.

இடம் போதவில்லையே என்று அகலக் கோண லென்ஸ் போட்டுக் கிட்டப் போனால் மூக்கு பழிவாங்கும். இதைக் காட்டுவதற்காகவே என் தங்கையை ஒரே ஸ்டூலில் உட்காரவைத்து இரண்டு படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று போனில் ஒரு முழம் தள்ளி, இன்னொன்று 85 மி.மீ. லென்ஸில் இரண்டு மீட்டர் தள்ளி. முதல் படத்தைப் பார்த்ததும் "ஐயோ அண்ணா, இது என் மூக்கே இல்ல, டெலீட் பண்ணு" என்றாள். பண்ணவில்லை. பாடம் நடத்தும்போதெல்லாம் பயன்படுகிறது. இதில் லென்ஸின் குற்றம் ஒன்றும் கிடையாது, எல்லாம் தூரத்தின் வேலை. கிட்டே இருந்து பார்க்கும்போது, மொத்தத் தூரத்தோடு ஒப்பிட்டால் மூக்கு நுனிக்கும் காதுக்கும் இருக்கும் தூர வித்தியாசம் பெரிதாகிவிடுகிறது.

உயரம் பற்றி ஒரே ஒரு வார்த்தை. சாதாரண வீட்டுக் கூரைக்கு, நிற்கிற ஆளின் தலைக்கு மேலே லைட்டைத் தூக்க இடம் கிடைக்காது. உட்காரவைத்தால் கிடைக்கும். முதுகு சாய்க்க வசதியில்லாத ஸ்டூலாகப் பாருங்கள்; சாய்ந்தால் தோள் சரிந்துவிடும்.

ஜன்னல் வெளிச்சம்

பழகுவதற்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. ஜன்னலுக்குப் பக்கவாட்டில் ஆளை உட்காரவைத்து, வெயில் நேராக விழுந்தால் மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி, மறுபக்கம் ஒரு தெர்மோகோல் அட்டையை நிறுத்தினால் அருமையான முகப்படம் கிடைக்கும். தெர்மோகோலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கறுப்பு சார்ட் அட்டையை வைத்துப் பாருங்கள். கன்னத்தின் நிழல் சட்டென்று ஆழமாகும். வெளிச்சத்தைக் கூட்டுவது மாதிரியே குறைப்பதும் ஒரு வேலை என்று அப்போது புரியும்.

ஆனால் என் வேலைக்கு ஜன்னல் ஒத்துவராது. மேகம் ஒன்று கடந்தால் அளவும் மாறும், நிறமும் மாறும். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள், எண் கூடக் கூட நீலம் கூடும். நடுப்பகல் வெயில் ஏறக்குறைய 5500 கெல்வின்; மேகமூட்டம் 6500-ஐத் தொடும்; வெயில் படாத நிழல் அதற்கும் மேல், இன்னும் நீலமாக இருக்கும். காலையில் எடுத்த ஜாடியையும் மதியம் எடுத்த ஜாடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு கம்பெனிச் சரக்கு மாதிரி தெரியும்.

லைட்

எல்இடியா ஃபிளாஷா என்பதற்கு என் பதில்: வீடியோவும் எடுப்பீர்கள் என்றால் எல்இடி, படம் மட்டும் என்றால் ஃபிளாஷ். எல்இடியில் நிழல் எங்கே விழுகிறது என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம், புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு அது பெரிய வசதி. வாங்கும்போது சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான எண்) 95-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு ஆர்9 என்று தனியாக ஒரு எண் கொடுத்திருப்பார்கள். அது அடர் சிவப்பை எவ்வளவு ஒழுங்காகக் காட்டும் என்பதற்கானது. சிஆர்ஐயின் பொதுவான சராசரியில் ஆர்9 சேராது. அதனால் சிஆர்ஐ நன்றாக இருந்தும் ஆர்9 மோசமாக இருக்கலாம். அப்படிப்பட்ட விளக்கில் முகம் ரத்தமில்லாதது மாதிரி வரும். வீட்டில் மாட்டியிருக்கும் சாதாரண எல்இடி பல்புகள் சில சிமிட்டவும் செய்யும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 100 தடவை. ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும். 1/50, 1/100 என்று வைத்தால் தப்பிக்கலாம். 60 ஹெர்ட்ஸ் இருக்கும் இடத்தில் 1/60.

ஃபிளாஷின் பலம் அதன் வேகமும் வலுவும். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடுவதால் ஆள் அசைந்தாலும் படம் கூர்மையாக வரும். அறை விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் படத்தில் தெரியாது. ஷட்டரை மட்டும் கேமராவின் சிங்க் வேகத்துக்கு (ஃபிளாஷோடு சேர்ந்து வேலை செய்யும் உச்ச ஷட்டர் வேகம்) மேல் ஏற்றாதீர்கள். பெரும்பாலான கேமராக்களில் அது 1/200 அல்லது 1/250. மேலே போனால் படத்தின் ஒரு ஓரம் கறுப்பாகிவிடும். கேமரா தலையில் மாட்டும் சின்ன ஃபிளாஷ் ஒன்றும், அதைத் தள்ளி இருந்தே இயக்கும் ஒரு ரேடியோ டிரிகரும், ஒரு ஸ்டாண்டும், ஒளியைப் பரப்பும் வெள்ளைத் துணி முகப்புள்ள பெட்டியான ஒரு சாஃப்ட்பாக்ஸும் இருந்தால் வீட்டு அறைக்கு அது தாராளம். ஃபிளாஷைக் கட்டாயம் மேனுவலில் வையுங்கள். டிடிஎல் என்ற தானியங்கி முறை ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக யோசிக்கும். வெள்ளைச் சட்டைக்கு ஒன்று, கறுப்புச் சட்டைக்கு ஒன்று என்று அளவை மாற்றிவிடும். கல்யாண மண்டபத்தில் ஓடிக்கொண்டே எடுக்கிறவர்களுக்கு அது கடவுள். ஒரே இடத்தில் உட்கார்ந்து எடுக்கிற நமக்கு அது இடைஞ்சல்.

முதலில் ஒரே ஒரு லைட். இரண்டாவது லைட் வாங்குவதை நான் எல்லோரிடமும் தள்ளிப்போடச் சொல்கிறேன். ஒரு லைட்டைக் கிட்டவும் தூரமும் நகர்த்திப் பார்த்தாலே பாதிக் கலை வந்துவிடும். ஒளி மென்மையா கடுமையா என்பது, படம் எடுக்கப்படும் பொருள் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் லைட் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸை ஒரு மீட்டருக்குள் வைத்தால் கன்னத்தின் நிழல் விளிம்பு மெதுவாகக் கரையும். அதையே மூன்று மீட்டருக்குத் தள்ளினால் நிழல் விளிம்பு அதைவிடக் கூர்மையாகும்.

தூரம் இன்னொரு வேலையும் செய்யும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும். லைட்டிலிருந்து ஆள் ஒரு மீட்டர், பின்னால் சுவர் இரண்டு மீட்டர் என்று வைத்தால் சுவருக்குப் போவது ஆளுக்கு விழுவதில் கால் பங்குதான். வெள்ளைச் சுவர் அடர் சாம்பலாகத் தெரியும். லைட்டை இன்னும் பின்னால் இழுத்து, ஆள் மூன்று மீட்டரிலும் சுவர் நான்கு மீட்டரிலும் இருக்கும்படி வைத்தால் சுவருக்குப் பாதிக்கு மேல் போய்விடும். அதே சுவர் வெளிர் சாம்பலாகிவிடும். சாஃப்ட்பாக்ஸ் பெரியது என்பதால் கணக்கு அச்சாக வராது, ஆனால் போக்கு இதுதான். ஒரே சுவரை வைத்துக்கொண்டு மூன்று நான்கு பின்னணி செய்யலாம்.

இப்போது நான் சொன்ன "திரும்ப எடுப்பது". என் சாஃப்ட்பாக்ஸின் கீழ் ஓரத்தில் ஒரு நைலான் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அதில் கால் மீட்டருக்கு ஒரு முடிச்சு. படம் எடுப்பதற்கு முன் கயிற்றை இழுத்து ஆளின் மூக்கு வரைக்கும் பிடித்து எத்தனாவது முடிச்சு என்று பார்த்துக் குறித்துக்கொள்வேன். ஸ்டூலின் கால்கள், ட்ரைபாடின் கால்கள், லைட் ஸ்டாண்டின் கால்கள் எல்லாவற்றுக்கும் தரையில் வெவ்வேறு நிற டேப். ஸ்டாண்டின் குழாயிலேயே மார்க்கரால் உயரம் கோடு போட்டிருக்கிறது. நோட்டில் எழுதுவது ஒரு வரிதான்: முடிச்சு, உயரம், ஃபிளாஷ் அளவு, அபர்ச்சர், லென்ஸ். அப்புறம் போனை எடுத்து மொத்த ஏற்பாட்டையும் பக்கவாட்டிலிருந்து ஒரு படம். எழுத மறந்ததை அந்தப் படம் ஞாபகம் வைத்திருக்கும்.

குடையா சாஃப்ட்பாக்ஸா என்றால், சின்ன அறையில் சாஃப்ட்பாக்ஸ். வெள்ளைக் குடை நாலா பக்கமும் வெளிச்சத்தை இறைக்கும், அது சுவரில் பட்டுத் திரும்பி வந்து நிழலையெல்லாம் நிரப்பிவிடும். சாஃப்ட்பாக்ஸுக்கு முன்னால் மாட்டும், வெளிச்சம் பக்கவாட்டில் சிதறாமல் தடுக்கும் துணிக் கட்டம் கூடவே கிடைத்தால் வாங்கிவிடுங்கள். ஸ்டாண்டின் காலில் ஒரு மணல் பை போடுவது கட்டாயம். குழந்தைகள் வந்து போகிற வீடென்றால் வயரையும் தரையோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

ஒரு கடிகாரத்தை எடுப்போம்

பளபளக்கும் பொருள்தான் உண்மையான பரீட்சை. ஸ்டீல் கடிகாரத்தின் உடம்பு கண்ணாடி மாதிரி. நாம் எடுப்பது அதில் பிரதிபலிக்கும் அறையைத்தான். ஆகவே லைட்டைக் கடிகாரத்தின் மேல் நேராக அடித்துப் பிரயோஜனம் இல்லை. கடிகாரத்துக்கு மேலே, சட்டத்தில் இழுத்துக் கட்டிய ட்ரேசிங் பேப்பர் ஒன்றைச் சாய்த்து நிறுத்தி, அதற்குப் பின்னாலிருந்து லைட் அடிக்கிறேன். இப்போது ஸ்டீலில் தெரிவது அந்த வெள்ளைத் தாள். லைட்டைத் தாளுக்குக் கிட்டக் கொண்டுவந்தால் நடுவில் பளிச்சென்று இருந்து ஓரத்தில் மங்கும். அந்த மங்கல்தான் ஸ்டீலுக்கு உருண்டையான வடிவத்தைக் கொடுக்கிறது. தள்ளிக் கொண்டுபோனால் ஒரே சீராகி, பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும்.

அதோடு விட்டால் வெள்ளைப் பின்னணியில் ஸ்டீலின் விளிம்பு காணாமல் போகும். கறுப்பு அட்டையை விரல் அகலத்துக்கு வெட்டி, படச் சட்டத்துக்குச் சற்று வெளியே கடிகாரத்தின் இரண்டு பக்கமும் நிறுத்துங்கள். விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடு ஓடும். அட்டையை ஒரு நூல் நகர்த்தினாலும் கோட்டின் தடிமன் மாறும், அதனால் கேமராவை யூஎஸ்பி வயரால் கம்ப்யூட்டரோடு இணைத்து, திரையைப் பார்த்துக்கொண்டே நகர்த்துவது நல்லது. கடிகாரத்தின் கண்ணாடியில் லென்ஸின் பிரதிபலிப்பு தெரிந்தால் கேமராவைச் சில டிகிரி சாய்த்தால் போய்விடும்.

முட்கள் பத்து மணி பத்து நிமிடத்தில் நிற்கட்டும். பெயர் எழுதிய இடம் மறையாது. குவார்ட்ஸ் கடிகாரமாக இருந்தால் பக்கத்துத் திருகியை வெளியே இழுத்துவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். இவ்வளவு கிட்டத்தில் எடுக்கும்போது எஃப் 11 வைத்தாலும் முன் விளிம்பிலிருந்து பின் பட்டை வரை கூர்மை கிடைக்காது. எஃப் 22-க்குப் போனால், சின்னத் துவாரத்தில் ஒளி விரிந்து சிதறும் டிஃப்ராக்‌ஷன் வந்து மொத்தப் படமும் மழுங்கும். எஃப் 8-லேயே வைத்து, ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படம் எடுத்து மென்பொருளில் ஒன்றாகச் சேர்ப்பதுதான் வழி. படம் எடுப்பதற்கு முன் தூசியை ஊதித் தள்ளுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அங்கே செலவழிக்கும் ஒரு நிமிடம் பின்னால் அரை மணி நேரம் புள்ளி புள்ளியாக அழிப்பதை மிச்சப்படுத்தும்.

பின்னணியும் கேமராவும்

காகித ரோல் 1.35 மீட்டர், 2.72 மீட்டர் அகலங்களில் கிடைக்கிறது. முகப்படத்துக்குச் சின்னது போதும். ஒரே ஒரு நிறம்தான் வாங்க முடியும் என்றால் சாம்பல். லைட்டைப் பொறுத்து அதை வெள்ளைக்குக் கிட்டவும் கறுப்புக்குக் கிட்டவும் கொண்டுபோகலாம். ரோலைப் படுக்கப் போட்டு வைத்தால் நடுவில் அலை விழும், நிற்கவைத்துப் பாதுகாக்கவும். சின்னப் பொருளுக்கு ஒரு பெரிய சார்ட் பேப்பரைச் சுவரிலிருந்து மேசைக்கு வளைத்து ஒட்டினால் முடிந்தது.

கேமராவில் எல்லாம் மேனுவல். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125, அபர்ச்சர் எஃப் 8 என்று தொடங்கி, ஃபிளாஷ் அளவைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யுங்கள். வொயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருக்கக் கூடாது. 5500 கெல்வின் என்று பூட்டிவிடுங்கள். ரா ஃபைலாக (சென்சார் பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) எடுங்கள். 14 பிட் ரா ஃபைலில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள் உண்டு, ஜேபெக்கில் 256. நிழலைக் கொஞ்சம் தூக்கும்போது அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு ஏற்பாட்டிலும் முதல் படம், ஆளின் கையிலோ பொருளின் பக்கத்திலோ ஒரு கிரே கார்டை (நிறச் சாயல் இல்லாத சாம்பல் அட்டை) வைத்து. அந்த அட்டைதான் ஸ்டுடியோவையும் மென்பொருளையும் இணைக்கிற பாலம்.

மென்பொருள்

இதில் இரண்டு ஜாதி உண்டு, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, ரா ஃபைலைத் திறந்து நிறம், வெளிச்சம் சரிசெய்து, ஒரு படத்துக்குச் செய்ததை நூறு படத்துக்கும் ஒட்டி, அடுக்கிவைத்துத் தேடித் தருவது: லைட்ரூம் கிளாசிக், கேப்சர் ஒன், டிஎக்ஸ்ஓ ஃபோட்டோலேப், டார்க்டேபிள், ராதெரபி. இன்னொன்று, ஒரே படத்தைத் திறந்துவைத்துக்கொண்டு லேயர் லேயராக (அடுக்கு அடுக்காக) வேலை செய்வது: போட்டோஷாப், அஃபினிட்டி, கிம்ப். வீட்டு ஸ்டுடியோ வேலையில் பெரும்பகுதி முதல் ஜாதியிலேயே முடிந்துவிடும். பின்னணியை வெட்டி எடுக்க, இரண்டு படத்தைச் சேர்க்க, கீறலை நுணுக்கமாக அழிக்க மட்டும்தான் இரண்டாவது. அதனால் முதலில் போட்டோஷாப்பில் போய் விழ வேண்டாம்.

லைட்ரூம் கிளாசிக் சந்தாவில் மட்டும்தான் வரும். பல வருடப் படங்களை ஒரே கேட்டலாக்கில் (படங்களின் பட்டியல்) வைத்துத் தேடுவதற்கு அது சௌகரியம், கற்றுக்கொள்ளப் பாடங்களும் எங்கே பார்த்தாலும் கிடைக்கும். சந்தாவை நிறுத்தினால் படங்கள் போய்விடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு: போகாது. கேட்டலாக்கைத் திறக்கலாம், ஏற்றுமதியும் செய்யலாம். திருத்தும் டெவலப் பகுதியும், வரைபடம் காட்டும் மேப் பகுதியும் மட்டும் பூட்டிக்கொள்ளும்.

வயரில் இணைத்து எடுப்பதே உங்கள் தினசரி வேலை என்றால் கேப்சர் ஒன்னைக் கட்டாயம் முயன்று பாருங்கள். ஷட்டர் அடித்ததும் படம் திரையில் வந்து விழும் வேகமும், தோல் நிறத்தைச் சீராக்கும் கருவியும், ஒரு வேலைக்கு ஒரு தனி ஃபோல்டராக எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும் செஷன் முறையும் ஸ்டுடியோக்காரர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. நான் அதில்தான் இருக்கிறேன். ஃபோட்டோலேபின் பெருமை இரைச்சலை நீக்குவதும் லென்ஸ் குறைகளைத் திருத்துவதும். ஐஎஸ்ஓ 100-லேயே வேலை செய்கிறவர்களுக்கு முதல் பெருமையால் அவ்வளவு பயன் இல்லை.

செலவே வேண்டாம் என்றால் டார்க்டேபிள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், பலமும் அதிகம். ஆனால் முதல் வாரம் கடுப்பேற்றும். ஒரே வேலைக்குப் பல மாட்யூல்கள் (கருவிகள்) இருக்கும், எதை எடுப்பது என்றே தெரியாது. நாலைந்து மாட்யூலை மட்டும் பிடித்தமானவை பட்டியலில் போட்டுக்கொண்டு மீதியைக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டால் வழிக்கு வரும். கேமரா கம்பெனிகளே இலவசமாகத் தருவதையும் ஒதுக்காதீர்கள்: கேனானுக்கு டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல், நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டுடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். மெதுவாக ஓடும், ஆனால் கேமராத் திரையில் பார்த்த அதே நிறம் கிடைக்கும்.

லேயர் வேலைக்கு, அஃபினிட்டியை 2024-ல் கேன்வா வாங்கியது, 2025-ல் இருந்து இலவசமாகக் கொடுக்கிறது. கேன்வா கணக்கு ஒன்று வேண்டும். கிம்ப் 2025-ல் 3.0 ஆனபிறகு, போட்ட ஃபில்டரைப் பின்னால் மாற்றிக்கொள்ளும் வசதி வந்துவிட்டது, பழைய கிம்பை வைத்து அதை எடைபோட வேண்டாம். ரா ஃபைலை அது நேரடியாகத் திறக்காது. டார்க்டேபிளோ ராதெரபியோ கூட இருக்க வேண்டும். எதையும் நிறுவ முடியாத கம்ப்யூட்டரில் அவசரத்துக்கு பிரௌசரிலேயே ஃபோட்டோபீ திறக்கலாம்.

இவற்றில் எது உங்களுக்கு என்று விமரிசனம் படித்து முடிவு செய்ய முடியாது. உங்கள் ஸ்டுடியோவில் எடுத்த மூன்று ரா ஃபைலைத் தனியாக எடுத்து வையுங்கள். ஒரு முகம், வெள்ளைக் காகிதத்தின் மேல் ஒரு வெள்ளைப் பொருள், பளபளக்கும் ஒரு கறுப்புப் பொருள். கட்டண மென்பொருள்கள் பெரும்பாலும் சில நாள் இலவசமாக முயன்று பார்க்கத் தருகின்றன. ஒவ்வொன்றிலும் இதே மூன்றைத் திறந்து, முகத்தில் சிவப்பு எப்படி வருகிறது, வெள்ளையின் மேல் வெள்ளை கரையாமல் நிற்கிறதா, கறுப்பில் நிழலைத் தூக்கினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். பிறகு, ஒரு படத்துக்குச் செய்த திருத்தத்தை இருபது படத்துக்கு ஒட்ட எத்தனை கிளிக் ஆகிறது என்று எண்ணுங்கள். புதிய கேமரா என்றால் அதன் ரா ஃபைல் திறக்கிறதா என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்த்துவிடுங்கள்.

வெளியே வரும் வழியையும் சேர்த்து யோசியுங்கள். ஆப்பிளின் அப்பர்ச்சரை நம்பி இருந்தவர்களுக்கு 2014-ல் அதை நிறுத்தப்போவதாகச் செய்தி வந்தது. கூகுள் பிகாசாவை 2016-ல் மூடியது. ஒரு மென்பொருளில் போட்ட ஸ்டார், குறிச்சொல் எல்லாம் எக்ஸ்எம்பி என்ற துணை ஃபைல் வழியாக இன்னொன்றுக்குப் போகும். ஆனால் ஸ்லைடரில் செய்த திருத்தங்கள் பெரும்பாலும் அப்படியே போகாது. நான் ரா ஃபைல்களைத் தேதி போட்ட என் சொந்த ஃபோல்டரில் வைத்திருக்கிறேன், மென்பொருள் அதை எட்டிப்பார்க்க மட்டும் செய்கிறது. முடித்துக் கொடுத்த படங்கள் 16 பிட் டிஃப் (தரம் குறையாத பட ஃபைல்) ஆகவும் தனியாக உண்டு.

செயற்கை நுண்ணறிவு வேலைகளில், ஆளைத் தானாகத் தேர்ந்தெடுத்து மாஸ்க் போடுவது (அந்தப் பகுதியை மட்டும் திருத்தும்படி பிரிப்பது) அற்புதம், மணிக்கணக்கில் மிச்சம். ஆனால் பொருள் படத்தில் எதையாவது புதிதாக வரைந்து நிரப்பச் சொல்லும்போது கவனம். கடிகாரத்தின் முகத்தில் இருக்கும் சின்ன எழுத்துகளை அது எழுத்து மாதிரி ஏதோ ஒன்றாக மாற்றிவிடும். வாங்குகிறவர் கையில் வரும் பொருளும் படமும் வேறாக இருந்தால் அது மோசடி.

திருத்தும் வரிசை என்னிடம் எப்போதும் ஒன்றுதான். கிரே கார்டு படத்தைத் திறந்து, அட்டையில் கிளிக் செய்து வொயிட் பேலன்ஸ். லென்ஸ் திருத்தம். வெளிச்ச அளவு. இந்த மூன்றையும் அந்த ஏற்பாட்டில் எடுத்த எல்லாப் படத்துக்கும் ஒட்டுவேன். அதற்கப்புறம்தான் தனித்தனிப் படம். அறையில் எல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தால் இந்த இடத்திலேயே முக்கால்வாசி வேலை முடிந்திருக்கும். இந்தத் திருத்தங்களை ஏற்பாட்டின் பெயரிலேயே ஒரு பிரீசெட்டாகச் சேமித்துவைத்தால், நோட்டில் இருக்கும் வரியும் மென்பொருளில் இருக்கும் பிரீசெட்டும் ஜோடி சேர்ந்துவிடும்.

மானிட்டர் பற்றி: பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் திரை, இணையத்தின் பொதுவான நிற வரம்பான எஸ்ஆர்ஜிபி முழுவதையும் காட்டுவது, ஒரு அளவீட்டுக் கருவியால் 6500 கெல்வின், காமா (நடுத்தர நிறங்களின் வெளிச்சம்) 2.2 என்று சரிசெய்தது. வெளிச்சத்தை 80 முதல் 120 நிட்ஸுக்குள் (திரை வெளிச்சத்தின் அலகு) இறக்கிவிடுங்கள். பிரிண்ட் இருட்டாக வருகிறது என்று சொல்கிறவர்களில் பலருக்குப் பிரச்சினை பிரிண்டரில் இருக்காது. மானிட்டரை உச்சத்தில் வைத்துப் பார்த்துப் படத்தை இருட்டாக்கியிருப்பார்கள். இணையத்துக்கு அனுப்பும் படத்தை எஸ்ஆர்ஜிபியில் ஏற்றுமதி செய்யுங்கள்.

கடைசியாக மெமரி கார்டு. படங்களைக் கம்ப்யூட்டருக்கும் ஒரு வெளி டிஸ்குக்கும் நகலெடுத்து, இரண்டு இடத்திலும் சில ஃபைலைத் திறந்து பார்த்தபிறகுதான் கார்டைத் தொட வேண்டும். மூன்றாவது நகல் வீட்டுக்கு வெளியே, கிளவுடிலோ வேறு யார் வீட்டிலோ இருக்கட்டும். கார்டைக் கம்ப்யூட்டரில் அழிக்காமல் கேமராவில் ஃபார்மட் செய்யுங்கள். அதையும் அடுத்த வேலை தொடங்கும் அன்று காலையில் செய்தால் போதும்.